ஜாகுவார் எக்ஸ்ஜே6: லயன்ஸின் கண்ணா, நைட்டின் ரப்பரா?

#1 கோட்டோவியன்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றில் அடர்நீல ஜாகுவார் எக்ஸ்ஜே6 ஒன்றைப் பார்த்தேன். 1970ஆம் ஆண்டு வண்டி, முதல் சீரிஸ். முக்கால் மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அதை விட்டு நகரவில்லை. அதனால்தான் இந்த இழை.

நான் வடிவமைப்பு கற்றுக்கொடுக்கிறவன். 'இதில் வேண்டாத கோடு ஒன்று இருந்தால் காட்டுங்கள்' என்று மாணவர்களிடம் சவால் விட வேண்டுமானால் இந்தக் காரின் முன்னால்தான் அவர்களை நிறுத்துவேன். முன்விளக்குக்கு மேலிருந்து புறப்படும் கோடு கதவுகளின் ஊடாகச் சற்றே தாழ்ந்து வருகிறது. பின்கதவை நெருங்கும்போது மெதுவாக எழுகிறது. பின்சக்கரத்தின் மேல் ஒரு முறை திரண்டு, வாலுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. பாய்வதற்கு முன் பதுங்கியிருக்கும் விலங்கின் பின்தொடை அது. அலங்காரத்துக்காக ஒட்டிய பட்டை கிடையாது, மடிப்பு கிடையாது. மொத்த உயரம் ஏறக்குறைய 1.34 மீட்டர்தான். பக்கத்தில் நின்றால் கூரை நம் மார்புக்கு வருகிறது. ஆனால் நீளம் 4.8 மீட்டர்.

இதை வடிவமைத்தவர் சர் வில்லியம் லயன்ஸ். 1922இல் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யும் சிறு நிறுவனத்தைக் கூட்டாளி ஒருவரோடு தொடங்கி, அதை ஜாகுவாராக வளர்த்தவர். வரைபலகையில் குனிந்து வரைந்தவர் அல்லர். மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்து முழு அளவு மாதிரி செய்யச் சொல்வார். தொழிலாளி தட்டத் தட்டப் பக்கத்தில் நின்று பார்ப்பார், 'இங்கே கொஞ்சம் குறை, அங்கே கொஞ்சம் ஏற்று' என்பார். மாதிரியைத் தம் வீடான வாப்பன்பரி ஹாலுக்கே கொண்டுவரச் சொல்லி, மரமும் புல்லும் பின்னணியாக இருக்க, பகல் வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்ப்பார். தொழிற்சாலைக் கூரையின் கீழ் பார்ப்பதும் வீட்டு வாசலில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

எனவே என் கட்சி இதுதான்: எக்ஸ்ஜே6 ஒரே ஒரு மனிதரின் கண் செய்த கார். குழு போட்டு, வாக்கெடுத்து இப்படி ஒன்றைச் செய்ய முடியாது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 பட்டறை மூத்தவர்

மறுக்கிறேன். பாதியை மட்டும்.

முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தில் பழைய கார்களைப் பழுதுபார்க்கிறேன். நீங்கள் அந்தக் காரை வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் கீழிருந்து பார்த்தவன். கீழே லயன்ஸ் தென்பட மாட்டார், ஜாகுவாரின் பொறியாளர் பாப் நைட் தென்படுவார். அழகான கார்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ வந்தன. ஆனால் 1968இல் எக்ஸ்ஜே6ஐ முதன்முதலாக ஓட்டிய பத்திரிகையாளர்கள் வியந்து எழுதியது வளைவைப் பற்றி மட்டுமல்ல. இவ்வளவு இறுக்கமாகத் திரும்பும் ஒரு கார் எப்படி இவ்வளவு அமைதியாகவும் ஓடுகிறது என்பதுதான் அவர்களை அசைத்தது. அதற்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால் நைட்டின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

கையில் ஒரு வேலை இருக்கிறது. இரவில் விரிவாக எழுதுகிறேன்.

#3 வாசகி

மூத்தவர் எழுதுவதற்குள் இந்தக் கார் ஏன் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கண்ணா, ரப்பரா என்று வாதிடுவதில் பொருளில்லை.

1960களின் நடுவில் ஜாகுவாரின் கடையில் செடான்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. மார்க் 2, அதை நீட்டிய எஸ்-டைப், அதையும் மாற்றிய 420, எல்லாவற்றுக்கும் மேலே 1961இல் வந்த மார்க் 10. அந்த மார்க் 10 அகலம் மட்டும் 6 அடி 4 அங்குலம். அமெரிக்காவை மனத்தில் வைத்துச் செய்தார்கள். ஆங்கிலேய நாட்டுப்புறச் சாலையில் அது பூசணிக்காயை உருட்டிவிட்டதுபோல் இருந்தது, அமெரிக்காவிலும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. சிறியது பழையதாகிவிட்டது, பெரியது மிகப் பெரியதாகிவிட்டது. இந்த இடைவெளியில் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே கார் என்ற திட்டம்தான் எக்ஸ்ஜே4, பின்னால் எக்ஸ்ஜே6 ஆனது அதுதான். தொடக்கத்தில் செய்து பார்த்த மாதிரிகளில் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கும் சாயலும் வெளிப்படையாகவே இருந்தன. நான்கு பேர் அமரும் ஈ-டைப் என்று சொல்லலாம். மாதிரி மாற மாற அந்த மூக்கு போய், நாம் அறிந்த நிமிர்ந்த முகம் வந்தது.

இதற்கிடையில் நிறுவனத்தின் தலையெழுத்தும் மாறியது. ஜாகுவாருக்குக் கார் உடலை அச்சடித்துக் கொடுத்துவந்த பிரஸ்டு ஸ்டீல் நிறுவனத்தை 1965இல் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. உடல் செய்து தருகிறவன் போட்டியாளனின் கையில். லயன்ஸுக்கு வேறு வழி குறைவு. 1966இல் ஜாகுவார் பி.எம்.சி.யோடு இணைந்தது. 1968இல் அந்தக் கூட்டமைப்பே பிரிட்டிஷ் லேலண்டுக்குள் போய்விட்டது. அதே 1968 செப்டம்பரில்தான் எக்ஸ்ஜே6 வெளிவந்தது. தாம் உருவாக்கிய நிறுவனம் தம் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்த நாட்களில் லயன்ஸ் இந்தக் காரின் மேல் கண் வைத்திருந்தார். விளம்பரப் படத்திலும் அவரே தோன்றினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

#4 எண்கணக்கு

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் கணக்கைப் பார்க்கிறவன், என் கேள்விகள் வேறு.

முதலாவது, இன்ஜின். எக்ஸ்ஜே6இல் இருந்த எக்ஸ்கே இன்ஜின் 1948 லண்டன் கண்காட்சியில் எக்ஸ்கே120 காரோடு அறிமுகமானது. புதிய காருக்கு இருபது வயது இன்ஜின்! இரண்டாவது, பின் சஸ்பென்ஷனும் (சக்கரத்தை உடலோடு இணைத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) 1961இல் ஈ-டைப்பிலும் மார்க் 10இலும் வந்ததுதான். அப்படியானால் 1968இல் புதிதாக என்ன செய்தார்கள்? 1955இலேயே சித்ரோவன் டி.எஸ். எண்ணெயும் வாயுவும் கொண்டு சஸ்பென்ஷன் செய்து, சாலையில் மிதந்து காட்டியது. 1965இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ அந்தச் சித்ரோவன் நுட்பத்தை உரிமம் பெற்றுத் தன் காரின் உயரத்தைச் சமன்படுத்தப் பயன்படுத்தியது. ஜாகுவாரிடம் இருந்தது வெறும் சுருள் ஸ்பிரிங்.

மூன்றாவது, 2.8 லிட்டர் வகை. சில ஐரோப்பிய நாடுகளில் வரி அந்த அளவில் ஏறியதால் அதற்குக் கீழே இருக்கும்படி 2,792 சி.சி.யில் செய்தார்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் பிஸ்டன் தலையில் கரி படியும், பிறகு நெடுஞ்சாலையில் அழுத்தினால் அந்தக் கரி கனன்று பிஸ்டனில் ஓட்டை விழும். இது வரலாற்றில் பதிவான குறை. சில ஆண்டுகளிலேயே அந்த இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். மகத்தான கார் என்கிறீர்கள், சரி. மகத்துவம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லுங்கள்.

#5 பட்டறை மூத்தவர்

எண்கணக்கு ஐயா கேட்டது நியாயமான கேள்வி. விடை அவருடைய கடைசிச் சொல்லிலேயே இருக்கிறது. வெறும் சுருள் ஸ்பிரிங் என்றார். ஆம், வெறும் சுருள் ஸ்பிரிங்கைக் கொண்டு அதைச் செய்ததுதான் மகத்துவம்.

பொறுமையாகச் சொல்கிறேன். 1960களில் ரேடியல் டயர் பரவிக்கொண்டிருந்தது. பழைய குறுக்கிழை டயரைவிடச் சாலையை நன்றாகப் பிடிக்கும், அதிகம் உழைக்கும். ஆனால் அதன் உட்பட்டை விறைப்பானது. சின்ன விளிம்பு, இணைப்புப் பள்ளம், கல் எதன் மேல் ஏறினாலும் சக்கரத்தைப் பின்னோக்கி ஒரு குத்து குத்தும். அந்தக் குத்து சஸ்பென்ஷன் வழியாக உடலுக்குள் போய், தகடு முழுவதும் முரசுபோல் அதிரும். டி.எஸ்.ஸின் வழி வேறு, செலவும் வேறு. நைட் அந்த வழிக்குப் போகவில்லை. சத்தம் எந்தப் பாதையில் உள்ளே வருகிறது என்று ஒவ்வொரு பாதையாகப் பின்தொடர்ந்து போய், அந்த வாசலில் ரப்பரை வைத்தார்.

ரப்பர் என்றால் ஏதோ ஒரு துண்டைச் செருகுவது அல்ல. மென்மையாக வைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் ஸ்டீயரிங் கொழகொழவென்றாகிவிடும். கெட்டியாக வைத்தால் கார் கூர்மையாகத் திரும்பும், ஆனால் காது வலிக்கும். இங்கேதான் நுட்பம். ரப்பரை நசுக்கினால் அது விறைத்து எதிர்க்கும், பக்கவாட்டில் இழுத்துச் சாய்த்தால் இளகிக்கொடுக்கும். ஆகவே அதை எந்தக் கோணத்தில் பொருத்துகிறோம் என்பதைக்கொண்டு, ஒரு திசையில் இளக்கமும் மறு திசையில் உறுதியும் பெறலாம். முன்பின் அசைவுக்கு இடம் கொடு, பக்கவாட்டு அசைவுக்குக் கொடுக்காதே. குத்து முன்பின்னாக வருகிறது, திருப்பத்தின் விசை பக்கவாட்டில் வருகிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. சொல்ல எளிது. இதைச் சரிக்கட்ட எத்தனை முறை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது.

வண்டியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், அதை ஒட்டி உட்புறமாகவே இரண்டு டிஸ்க் பிரேக்குகள், கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்க் கையான விஷ்போன், மேல் விஷ்போனுக்குப் பதிலாகச் சுழலும் அச்சுத்தண்டே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்பிரிங்குகள். இத்தனையும் ஒரு எஃகுக் கூண்டுக்குள். அந்தக் கூண்டு உடலைத் தொடுவது வி வடிவத்தில் சாய்த்து வைத்த நான்கு ரப்பர் மவுண்ட்களில், அதாவது தாங்கிகளில் மட்டும். முன்னோக்கி நீளும் இரண்டு கம்பிகளும் ரப்பர் புஷ்ஷில்தான் (இணைப்பில் செருகும் ரப்பர் உருளை) முடிகின்றன. உலோகம் உலோகத்தைத் தொடும் இடமே இல்லை. பிரேக்கை உள்ளே வைத்ததால் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையும் குறைகிறது. முன்பக்கத்திலும் சப்ஃபிரேம் என்ற துணைச்சட்டம் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினின் முன் மவுண்ட்கள் அந்தச் சப்ஃபிரேமின் மேலேயே இருப்பதால், இன்ஜினின் அதிர்வு உடலுக்கு வருவதற்குள் இரண்டு அடுக்கு ரப்பரைக் கடக்க வேண்டியிருக்கிறது.

பின் கூண்டு 1961இலேயே வந்தது என்பது உண்மை. ஆனால் அந்தக் கூண்டைச் சுற்றி முழுக் காரையும் இசைத்தது 1968இல். முன்பக்க விஷ்போனின் அச்சுகளைச் சாய்த்து, பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழாமல் செய்தது இதே காரில்தான் நன்றாகக் கைகூடியது. அதனால் மென்மையான ஸ்பிரிங் வைக்கத் துணிவு வந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றுக்கு வழி திறக்கிறது. நைட்டின் வேலை முழுவதுமே இப்படித்தான்.

2.8 பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. அது தவறுதான்.

#6 நீலச்சாலை

மூத்தவர் அண்ணா சொன்னதை நான் என் முதுகெலும்பால் உணர்ந்தவன், அதனால் குறுக்கே வருகிறேன்.

என்னிடம் 1972ஆம் ஆண்டு 4.2 இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்தே அது ஓயாமல் இரைந்தது. இங்கே சாலை நடுவில் பூனைக்கண் என்று சொல்லும் எதிரொளிப்பான்களைப் பதித்திருப்பார்கள். தடம் மாறும்போது அதன் மேல் சக்கரம் ஏறினால் காலடித் தரையில் சுத்தியலால் அடித்ததுபோல் கேட்கும். டயரை மாற்றினேன், ஷாக் அப்சார்பரை மாற்றினேன். கதவு ரப்பரையும் விடவில்லை. ஒன்றும் பலிக்கவில்லை. இந்தக் காரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்களோ என்று ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது.

கடைசியில் ஒரு குளிர்கால விடுமுறையில் நானே ஜாக்கி போட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய புஷ்கள் பளபளக்கும் சிவப்பில் இருந்தன. நகத்தால் அழுத்தினேன், பதியவே இல்லை. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார். அவர்கள் ரப்பரை எடுத்துவிட்டுப் பாலியூரிதேன் புஷ் போட்டிருக்கிறார்கள். பந்தயக் காருக்குப் போடுவது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும், மட்காது, பில்லில் 'மேம்பாடு' என்று எழுதியிருந்தது. அந்தப் பில் இன்னும் காரின் கோப்பில் இருக்கிறது. பின் கூண்டின் மவுண்டில் ஒன்று கிழிந்து, கூண்டின் விளிம்பு உடல் தகட்டில் உரசிப் பெயின்ட் போய்ப் பளிச்சென்றிருந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு. அந்த இடம் வழியாகத்தான் சாலை முழுவதும் என் காருக்குள் வந்துகொண்டிருந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது தெரியும். ஆனால் அந்தத் தழும்பைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒருவர் எத்தனையோ நாள் உழைத்துச் சேர்த்த அமைதியை ஒரு மதியத்தில் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

#7 எண்கணக்கு

நீலச்சாலை, இந்தப் பதிவு என் கணக்கை அசைத்துவிட்டது. காரின் குணம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதைக் கழற்றி எடுத்துவிட முடியும் என்றால், அது இருந்த இடம் தெரிந்துவிட்டது.

ஆனால் இன்ஜின் கேள்வி நிற்கிறது.

#8 வாசகி

இன்ஜின் பழையது என்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கவென்ட்ரி தொழிற்சாலையில் இரவுத் தீக்காவல் முறை வரும்போது பொறியாளர்கள் ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி ஆகியோரோடு உட்கார்ந்து லயன்ஸ் பேசிப் பேசி உருவாக்கிய இன்ஜின் அது. சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட், அரைக்கோள எரியறை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று பந்தயக் கார்களுக்கும் மிக விலை உயர்ந்த வண்டிகளுக்கும் உரியது. செடான் ஒன்றுக்காக யோசித்ததை, அந்தச் செடான் தயாராவதற்குள் எக்ஸ்கே120இல் வைத்தார்கள். பிறகு அதே இன்ஜின் 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை பிரான்சின் 24 மணி நேர லமான் பந்தயத்தில் வென்றது. 24 மணி நேரம் அடிபட்டுத் தேறிய இன்ஜின், ஒரு குடும்பத்தை அமைதியாக ஏற்றிச் செல்வதற்கு ஏன் பழசாக வேண்டும்?

அதோடு, எக்ஸ்ஜேயின் முன்னறை தொடக்கத்திலேயே 12 சிலிண்டர் இன்ஜினுக்கும் இடம் வைத்து அகலமாகச் செய்யப்பட்டது. வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் உருவாக்கிய 5.3 லிட்டர் வி12 முதலில் 1971இல் ஈ-டைப்பில் வந்தது, 1972இல் எக்ஸ்ஜே12இல் வந்தது. இன்ஜின் அறையில் அத்தனை வெப்பம், பேட்டரியைக் குளிர்விக்கவே ஒரு சிறு மின்விசிறி வைத்தார்கள். மணிக்கு 140 மைல் போன நான்கு கதவுக் கார். லயன்ஸ் அதே 1972இல் ஓய்வு பெற்றார். தம் கடைசிக் காரில் தாம் விரும்பிய இன்ஜின் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

#9 கோட்டோவியன்

இரண்டு நாட்களாக எழுதாமல் இருந்தேன், படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருந்தேன். மூத்தவர் ஐயா சொன்னதை மனத்தில் வைத்து அணிவகுப்பில் எடுத்த படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்று பிடிபட்டது.

அந்தக் காரை அப்படி நிலத்தோடு ஒட்டி நிற்கவைப்பது எது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வளைவு என்றுதான் முதலில் நினைத்தேன். வளைவு இல்லை, டயர். எக்ஸ்ஜேக்காகவே டன்லப் உருவாக்கிய இ70விஆர்15 அளவு ரேடியல் டயர், 6 அங்குல அகலமான விளிம்பில். 1968இல் ஒரு செடானுக்கு அது மிக அகலம். படத்தில் அந்த டயரைக் கையால் மறைத்துவிட்டு, பழைய மார்க் 2இன் ஒல்லியான சக்கரத்தை மனத்தில் வைத்துப் பாருங்கள். கார் உடனே எழுந்து நின்றுவிடுகிறது. பின்தொடை வளைவு வீங்கலாகத் தெரிகிறது. லயன்ஸ் அந்த வளைவை இழுத்தது அந்தச் சக்கரத்தின் மேல்தான்.

அகலமான ரேடியல் டயர் போட்டால் சத்தம் கூடும், குத்து கூடும். அதை அடக்க முடியும் என்று நைட்டின் ஆட்கள் காட்டாமல் இருந்திருந்தால் ஆடம்பரக் காரில் அந்த டயரைப் போட யாருக்கும் துணிவு வந்திருக்காது. அப்படியானால் நான் முக்கால் மணி நேரம் நின்று பார்த்த நிலை இருக்கிறதே, அதற்கு அடியில் ரப்பர் இருக்கிறது. முதல் பதிவில் ஒரே ஒரு மனிதரின் கண் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். பின்இருக்கையில் கால்நீட்ட இடம் குறைவு என்ற குறை எழுந்து, 1972இல் நான்கு அங்குலம் நீட்டிய வகையைக் கொண்டுவந்தார்கள் அல்லவா? அந்த இடத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்திருக்க முடியும். லயன்ஸ் கொடுக்கவில்லை. வால் மெலிந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பெட்ரோல் டேங்கை இரண்டாகப் பிரித்து இரு பக்க மட்கார்டுகளுக்குள் ஒளித்து, இரண்டு குரோம் மூடிகளை மேலே வைத்தார்கள். ஓட்டுநர் விசையைத் தட்டி டேங்க் மாற்றிக்கொள்ள வேண்டும். கோட்டுக்காக இத்தனை பேரைச் சிரமப்பட வைத்தது ஒரு மனிதரின் பிடிவாதம்தான், அந்தப் பிடிவாதத்தை நான் நேசிக்கிறேன்.

#10 எண்கணக்கு

பிடிவாதம் என்றால் 1979ஐயும் பேச வேண்டும். மூன்றாவது சீரிஸின் கூரையைத் திருத்தியது இத்தாலியின் பினின்ஃபரினா. பின்பக்கம் கூரையைச் சற்று உயர்த்தினார்கள், கண்ணாடியைப் பெரிதாக்கினார்கள், கதவுக் கைப்பிடியை உட்புதைத்தார்கள். பின்இருக்கையில் தலைக்கு இடம் கிடைத்தது. என் கண்ணுக்கு அது முதல் சீரிஸைவிடத் தெளிவாக இருக்கிறது. லயன்ஸ் வரையாத கூரை, ஆனால் அந்தக் கார் வி12 இன்ஜினோடு 1992 வரை விற்றது. 24 ஆண்டுகள்.

#11 கோட்டோவியன்

கூரையை ஒப்புக்கொள்கிறேன். கனத்த கறுப்பு ரப்பர் பம்பரை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ரப்பர் நைட்டுடையது அல்ல.

#12 வாசகி

24 ஆண்டுகள் என்பதில் பெருமை பாதிதான், எண்கணக்கு. மீதிப் பாதி பணமின்மை. லேலண்ட் காலத்தில் புதிய காருக்கு முதலீடு கிடைக்காமல் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். மூன்றாவது சீரிஸ் வந்த புதிதில் புதிய வர்ணக்கூடம் சரிவர இயங்காமல் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என மூன்றே நிறங்களில் விற்றார்கள். ஆடம்பரக் கார் வாங்க வருகிறவரிடம் மூன்று நிறம்! 1980இல் ஜான் ஈகன் தலைமைக்கு வந்து தரத்தைத் தூக்கி நிறுத்தும்வரை நிலைமை மோசம்தான்.

அந்த இருண்ட ஆண்டுகளில் நைட் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஜாகுவாரின் பொறியியல் பிரிவை லேலண்டின் பொதுக் கிடங்கில் கரைத்துவிட முயன்றபோது அவர் விடாமல் எதிர்த்து அதைத் தனியாகக் காத்தார். 1978இல் நிர்வாகத் தலைமைக்கும் வந்தார். லயன்ஸ் விட்டுப்போன வீட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். கண்ணா, ரப்பரா என்ற தலைப்பை அந்த இருவர் முன்னிலையில் வைத்திருந்தால் இருவருமே வெறுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

#13 நீலச்சாலை

மூத்தவர் அண்ணா, பாலியூரிதேன் முழுவதையும் கழற்றிவிட்டேன். பின் கூண்டின் நான்கு மவுண்ட்களும் முன் விஷ்போன் புஷ்களும் ரப்பரிலேயே புதிதாக வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறேன். கையில் எடுத்தால் பழைய பள்ளிக்கூட அழிப்பான்போல் ஒரு வாசனை. சனிக்கிழமை பொருத்தப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

#14 பட்டறை மூத்தவர்

மூன்று விஷயங்கள் தம்பி.

கூண்டை இறக்கும்போது டிஃபரன்ஷியலுக்கு நேர்கீழே அகலமான பலகை வைத்து ஜாக்கியை ஏற்றுங்கள். மொத்தமும் மிகக் கனம், ஒரு பக்கம் சாய்ந்தால் பிடிக்க முடியாது. பிரேக் குழாயையும் கைப்பிரேக் கேபிளையும் கழற்றிவிட்டோமா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு இறக்குங்கள். உங்கள் காரை நாற்காலிக் கால்மேல் அல்ல, சரியான ஸ்டாண்டில்தான் நிறுத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது, அந்த உரசல் தழும்பு. முதலில் அதைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் பூச்சு பூசிக் காயவிடுங்கள். உள்ளே துரு போயிருந்தால் மவுண்ட் மாட்டிப் பயனில்லை, நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம், பலர் தவறு செய்வதும் இங்கேதான். முன் விஷ்போன் புஷ்ஷின் போல்ட்டைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். சும்மா பிடிக்கிற அளவு மட்டும் திருகிவிட்டு, காரைத் தரையில் இறக்குங்கள். நாலு முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள், மூக்கை அமுக்கி விடுங்கள், கார் தன் இயல்பான உயரத்தில் உட்காரட்டும். பிறகு படுத்து உள்ளே போய் இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் இறங்கியதும் நாள் முழுவதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில ஆயிரம் மைலில் கிழிந்துவிடும். ரப்பர் ஓய்வாக இருக்க வேண்டிய இடம் கார் நிற்கும் உயரம்.

#15 நீலச்சாலை

இரண்டு சனிக்கிழமை ஆனது. துரு மேலோடு நின்றிருந்தது, பிழைத்தேன்.

நேற்று இரவு பத்து மணிக்குமேல் சாலை காலியானதும் எடுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றே பூனைக்கண் வரிசையின் மேல் இடப்பக்கச் சக்கரத்தையும் பிறகு வலப்பக்கச் சக்கரத்தையும் ஏற்றி ஓட்டினேன். பொத், பொத் என்று ஒரு சத்தம். தலையணையில் விரலால் தட்டுவதுபோல், எங்கோ காருக்கு வெளியே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்தக் காரில் ஏறினால் காதைப் பொத்திக்கொண்டு வருகிறவள் அவள்.